படிக்கக் காசா, போடக் காசா?

ஆய்விதழ்கள் கட்டுரையாளரிடம் பணம் வாங்குவதில் இரண்டு வழி உண்டு. கட்டுரையை அனுப்பும்போதே வாங்கிக்கொள்வது ஒன்று. ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு, வெளியிடுவதற்காக வாங்குவது இன்னொன்று. முன்னதைச் சமர்ப்பிப்புக் கட்டணம் என்றும் பின்னதை வெளியீட்டுக் கட்டணம் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த இரண்டில் எது அநியாயம் என்று ஆய்வு மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் முதலாவதைத்தான் சொல்வார்கள். “போடுவாங்களா மாட்டாங்களான்னே தெரியாது, அதுக்குள்ள எதுக்கு சார் பணம்?” என்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நேர்மைக்கு இடம் கொடுப்பது அந்த முதலாவது வழிதான் என்று எனக்குப் படுகிறது.

மதுராந்தகம் பஜாரில் எனக்குப் பழக்கமான ஒரு டி.டி.பி. கடை உண்டு. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி வேலைகளுக்கு நடுவே ஆய்வேடுகளும் வரும். பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றுவது, மாற்றும்போது உடைந்துபோன எழுத்துகளைத் தேடிப்பிடித்துத் திருத்துவது, இதழ் கேட்கும் மார்ஜினுக்குள் கட்டுரையை அடக்குவது எல்லாம் அங்கே நடக்கும். சமீபத்தில் ஒரு தமிழாசிரியை அங்கே இருந்தார். தனியார் பள்ளியில் வேலை, பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு. செங்கல்பட்டு வட்டாரத்து ஏரிகளைப் பற்றிய வழக்காறுகள்தான் அவருடைய பொருள். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய கட்டுரைக்குச் சனிக்கிழமை மதியமே ஏற்புக் கடிதம் வந்துவிட்டதாகச் சொல்லி, மின்னஞ்சலைக் காட்டினார். இரண்டு மதிப்பீட்டாளர்கள் படித்துப் பரிந்துரைத்திருப்பதாக அதில் எழுதியிருந்தது. கீழே ஒரு கியூஆர் கோடு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டினால் இந்த மாத இதழிலேயே வரும். இணை ஆசிரியர் பெயர் சேர்க்கத் தனித் தொகை, சான்றிதழ் அச்சில் வேண்டுமானால் கூரியர் செலவு.

அவர் கட்டுரையை வாங்கிப் படித்தேன். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதைதான். மழைக்காலத்தில் ஏரி உடைந்துவிடுமோ என்று இரவில் கரையைப் பார்க்கப் போன கலெக்டர் லயனல் பிளேஸ், வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டார் என்பதும், அதன் பின் தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தார் என்பதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பால்குடிக்கும்போதே கேட்பவை. ஆசிரியை நல்ல உழைப்பாளி. கரையோரத்து ஊர்களில் கேட்டுத் திரட்டிய மூன்று மாற்று வடிவங்களைக் கொடுத்திருந்தார். அவற்றில் ஒன்று நான் கேட்டறியாதது. ஆனால் சம்பவம் நடந்த ஆண்டு 1825 என்று போட்டிருந்தார். பிளேஸ் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்தது 1794 முதல் 1798 வரை. 1799இல் அவர் எழுதிய நீண்ட அறிக்கையை வைத்து ஆய்வுகளே வந்திருக்கின்றன. வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூல் பிளேஸின் காலத்துச் செங்கல்பட்டில்தான் தொடங்குகிறது. இரண்டு மதிப்பீட்டாளர்களில் ஒருவராவது படித்திருந்தால் 1825 என்பதில் கண் நின்றிருக்கும். அதைவிட, நான் கேட்டறியாத அந்த வடிவத்தை யார் சொன்னார், எந்த ஊரில் என்று கேட்டிருப்பார்கள். கட்டுரையின் உயிரே அங்கேதான் இருந்தது.

அவரிடம் கேட்ட பணம் கட்டுரையைப் போடுவதற்கானது. படிப்பதற்கென்று அதில் ஒரு ரூபாய்கூட இல்லை.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க 100 ரூபாய் கட்டுகிறோம். லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள், சில ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கிறது. வேலை கிடைக்காதவர் தன் 100 ரூபாயைத் திருப்பிக் கேட்பதில்லை. தாள் திருத்திய கூலி என்று அவருக்குத் தெரியும். அதே ஆணையம் விண்ணப்பத்துக்கு ஒன்றும் வாங்காமல், ‘தேர்வானவர்கள் மட்டும் ஆளுக்கு இரண்டு லட்சம் கட்டுங்கள்’ என்று அறிவித்தால் நாம் அதற்கு வைக்கும் பெயர் வேறு. ஆய்விதழ் விஷயத்தில் மட்டும் இந்தப் புத்தி நமக்கு ஏனோ தலைகீழாக வேலை செய்கிறது.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஓர் இதழுக்கு ஆண்டுக்கு 100 கட்டுரைகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் ஒழுங்காகப் படிக்கவைக்க 1,000 ரூபாய் ஆகிறது. பத்துதான் தேறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு ஒரு லட்சம். சமர்ப்பிப்புக் கட்டணம் என்றால் நூறு பேரும் ஆளுக்கு 1,000 கட்டுகிறார்கள். வெளியீட்டுக் கட்டணம் என்றால் தேறிய பத்துப் பேர் ஆளுக்கு 10,000 கட்டி, தேறாத தொண்ணூறு பேரின் கட்டுரைகளைப் படித்த செலவையும் சுமக்கிறார்கள். நன்றாக எழுதியதற்கு அபராதம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் விபரீதம் அதற்கும் அப்பால் இருக்கிறது. இரண்டாவது வழியில் பத்துக்குப் பதில் எண்பதை ஏற்றுக்கொண்டால் வருமானம் எட்டு லட்சம். எண்பதை ஏற்பதென்று முடிவாகிவிட்டால் எதையும் படிக்கத் தேவையில்லை, ஆகவே செலவும் மிச்சம். முதல் வழியில் பத்தை ஏற்றாலும் எண்பதை ஏற்றாலும் கைக்கு வருவது அதே ஒரு லட்சம்தான். ‘வேண்டாம்’ என்று சொல்வதால் ஆசிரியருக்குக் காசு நஷ்டமில்லை.

உலகத்தில் முதல் வழியை நெடுங்காலமாகக் கடைப்பிடிப்பவர்கள் பொருளியல்காரர்கள். 1911 முதல் வரும் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’வுக்குக் கட்டுரை அனுப்ப, அதை வெளியிடும் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் உறுப்பினர் 200 டாலரும் மற்றவர்கள் அதைவிடக் கூடுதலாகவும் கட்டுகிறார்கள். அனுப்பியவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. நிதித்துறை இதழ்கள் இதைவிட அதிகம் வாங்குபவை. இதில் யாரும் ஏமாந்ததாகப் புகார் கேட்டதில்லை. காசு விஷயத்தில் எது எதைத் தூண்டும் என்பதைத் தொழிலாகவே படிப்பவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுத்திருப்பதை வெறும் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

வெளியீட்டுக் கட்டணத்தின் பூர்வீகமும் கெட்டதல்ல. அமெரிக்க இயற்பியல் கழகம் 1930இல் ‘ஃபிசிகல் ரிவியூ’வில் பக்கத்துக்கு 2 டாலர் என்று வாங்கத் தொடங்கியது. பில் போனது எழுதியவரின் நிறுவனத்துக்கு. இதழை நடத்தியதோ இயற்பியலாளர்களே சேர்ந்து வைத்திருந்த கழகம். கட்டுரை கூடக்கூடத் தன் பை நிறையும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இணையம் வந்து, வாசகருக்கு இலவசம் என்ற நல்ல கொள்கையும் வந்த பிறகு, சந்தா போன இடத்தில் எழுதியவரின் பணம் வந்து உட்கார்ந்தது. அங்கேதான் வியாபாரிக்குக் கதவு திறந்தது. பெரிய இடத்துக்காரர்களும் பின்தங்கவில்லை. 2021 தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கமாக வெளியிடக் கேட்ட தொகை 9,500 யூரோ. அப்போதைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். மதுராந்தகத்தை ஒட்டிய கிராமம் எதிலும் அந்தப் பணத்துக்கு ஒரு மனை வாங்கிவிடலாம்.

‘நேச்சரை’ வெளியிடும் நிறுவனமே அதே சமயத்தில் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’, ‘நேச்சர் மெதட்ஸ்’, ‘நேச்சர் ஃபிசிக்ஸ்’ ஆகிய மூன்று இதழ்களில் வேறொரு சோதனையும் செய்தது. முதலில் 2,190 யூரோ மதிப்பீட்டுக்கு, அது திரும்பாது. கட்டுரை தேறினால் இன்னொரு 2,600. முன்பணம் கட்டியவருக்கு, தேறாவிட்டாலும், என்ன குறை, எந்த இதழுக்குப் பொருந்தும் என்று விவரமான அறிக்கை கையில் கிடைக்கும். தொகை நமக்கு எட்டாதது என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், படிக்கும் கூலியையும் போடும் கூலியையும் பிரித்துக் காட்டிய ரசீது அது.

இரண்டாவது வழி நம் நாட்டில் எங்கே கொண்டுபோய்விட்டது என்பதற்கு ஊரறிந்த சாட்சி ஹைதராபாத்தின் ஓமிக்ஸ். நூற்றுக்கணக்கான இதழ்களை நடத்திய அந்த நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2016 ஆகஸ்டில் வழக்குப் போட்டது. 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொன்னது. மதிப்பீடு செய்வதாகச் சொல்லிச் செய்யாதது ஒரு குற்றச்சாட்டு. கட்டுரை ஏற்கப்படும்வரை கட்டணத்தை மறைத்துவைத்தது இன்னொன்று. கட்டணம் தெரிந்தபின் கட்டுரையைத் திரும்பக் கேட்டவர்களுக்குத் திருப்பித் தரவும் மறுத்தார்கள். வேறு இதழுக்கும் அனுப்ப முடியாமல் எழுதியவர் மாட்டிக்கொள்வார். இந்தக் கடைசி இரண்டு தந்திரமும் வெளியீட்டுக் கட்டணத்தில் மட்டுமே பலிக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். வாசலில் டிக்கெட் கிழிப்பவன் விலையை மறைக்க முடியாது.

2013இல் ‘சயின்ஸ்’ இதழுக்காகச் செய்தியாளர் ஜான் போஹானன் ஒரு பொறி வைத்தார். கற்பாசியிலிருந்து (லைக்கன்) எடுத்த பொருள் புற்றுநோயைத் தடுக்கிறது என்று, பள்ளி மாணவனுக்கே தெரியும் பிழைகளோடு ஒரு போலிக் கட்டுரை. ஆப்பிரிக்காவில் இல்லாத நிறுவனங்கள், இல்லாத ஆய்வாளர்கள். கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. இந்தியாவிலிருந்து நடத்தப்பட்டவற்றில் 64 ஏற்றன, 15 மறுத்தன. அந்தப் பதினைந்து இதழ்களின் ஆசிரியர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ‘வேண்டாம்’ என்ற ஒவ்வொரு முறையும் அவர்கள் கைக்காசை விட்டிருக்கிறார்கள்.

விற்பவரை மட்டும் திட்டிப் பயனில்லை. வாங்குபவரைக் கடைக்குத் துரத்தியது யார்? 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்று விதித்தது. 2010இல் பேராசிரியர்களின் பதவி உயர்வுக்கு மதிப்பெண் கணக்கு வந்தது. எல்லோரும் கட்டுரை தேடி அலையவே, அங்கீகரித்த இதழ்கள் என்று 2017இல் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் 38,000க்கும் மேற்பட்ட இதழ்கள். 2018 மே மாதம் ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்கினார்கள். அதே ஆண்டு பூஷண் பட்வர்தனும் உடனாளர்களும் ‘கரண்ட் சயின்ஸி’ல் எழுதிய ஆய்வு, பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்ததால் மட்டும் பட்டியலேறிய, வேறெங்கும் அட்டவணைப்படாத இதழ்களில் 88 சதவீதத்துக்கு மேல் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்றது. பிறகு 2019இல் மானியக் குழுவின் புதிய ‘யூஜிசி கேர்’ பட்டியல். அதில் இடம்பெற்ற நல்ல இதழ்களின் பெயரையே திருடி, அதே ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டு, போலி இணையதளம் வைத்துப் பணம் வாங்கும் ஆட்களும் கூடவே வந்தார்கள். 2022 நவம்பரில் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயமில்லை என்றானது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையே கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடம் விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு மாணவர்களைக் கைடு கேட்கும் கேள்வி மாறவில்லை: “கட்டுரை போட்டாச்சா?” கட்டுரையை எழுதியாயிற்றா என்று கேட்பவர் அபூர்வம்.

இந்த ஒப்பீட்டைச் சிக்கலாக்கும் நம்மூர்ச் சரக்கு ஒன்று உண்டு. தமிழ்த்துறைகளின் பன்னாட்டுக் கருத்தரங்கம். பதிவுக் கட்டணம் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். கட்டுரை பிற்பாடுதான் அனுப்புவோம். கருத்தரங்க நாளில் ஐஎஸ்பிஎன் எண்ணோடு தடித்த தொகுப்பு, ஒரு ஃபைல், ஒரு பேனா, மதியச் சாப்பாடு. அறைக்கு நாற்பது பேர் வீதம் ஆளுக்கு ஐந்து நிமிடம் வாசிப்பு. சில அறைகளில் அதுவும் மூன்று நிமிடம். முன்பணம் வாங்குவதால் தோற்றத்துக்கு இது சமர்ப்பிப்புக் கட்டணம். ஆனால் மறுக்கப்பட்டவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆக, பணத்தை முன்னால் வாங்கினாலே யோக்கியம் வந்துவிடாது. முன்னால் வாங்கிவிட்டு எல்லாவற்றையும் போட்டாலும், முன்னால் வாங்கிவிட்டு எதையும் படிக்காமல் இரண்டு வரியில் மறுத்தாலும் ஒன்றுதான். இந்த இரண்டாவது குறை பேர்போன பொருளியல் இதழ்களுக்கும் உண்டு. மதிப்பீட்டாளரிடம் போகாமலே ஆசிரியர் மேசையோடு திரும்பிவரும் கட்டுரைக்கும் கட்டணம் கட்டியிருக்க வேண்டியிருக்கிறது. ஓர் இதழை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே வழி, மறுக்கப்பட்டவர் கையில் என்ன கிடைத்தது என்று பார்ப்பதுதான். எழுத்துமூலம் ஒரு பக்கக் கருத்தாவது கிடைத்ததென்றால் அந்தப் பணம் வீண்போகவில்லை.

இங்கே வறுமையைப் பேசாமல் நகர முடியாது. அந்தப் பொருளியல் இதழின் 200 டாலர் என்பது இன்றைய மதிப்பில் பதினேழாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்கும் அதிர்ஷ்டசாலிக்கே பாதி மாதச் சம்பளம் போய்விடும். உதவித்தொகை எதுவும் இல்லாத பகுதிநேர ஆய்வாளர் அதை நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார். அவருடைய கட்டுரை மறுக்கப்பட்டால், இன்னொரு இதழுக்கு இன்னொரு கட்டணம். முதல் கட்டுரை எழுதுபவருக்குத்தான் மறுப்பு அதிகம் வரும், அவர்தான் பெரும்பாலும் ஏழை. வெளியீட்டுக் கட்டணத்தில் தேறியவன் சுமக்கிறான் என்றால், சமர்ப்பிப்புக் கட்டணத்தில் தோற்றவன் சுமக்கிறான். இதை மழுப்பிவிட்டு முதல் வழியைப் பாராட்டுவது சரியாகாது. டி.என்.பி.எஸ்.சி. ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் தேர்வுக் கட்டணத்தை முழுதாக விலக்கியும், பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று முறை இலவசமாகக் கொடுத்தும் இதற்கு ஓரளவு பதில் கண்டிருக்கிறது. பல ஆய்விதழ்கள் அந்த அளவுக்குக்கூட யோசிப்பதில்லை.

ஏழை எழுதியதைப் படிக்கவைக்க வேறு வழியும் இருந்தது. 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. அந்தக் காலத்தில் அவர் வேலையில்லாமல், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் கொடுத்த 25 ரூபாயில் திருவல்லிக்கேணியில் இருந்தவர். இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்காருக்கு அவருடைய எழுத்துமுறை பிடிபடவில்லை. படிகள் விட்டுப்போயிருந்தன, நிறுவல்கள் சுருங்கிக் கிடந்தன. கட்டுரை பலமுறை பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்வந்தது. இன்றைய பேச்சில் சொன்னால், ஒரு டிகிரிகூட இல்லாத இளைஞனுக்காக ஒரு பேராசிரியர் மாதக்கணக்கில் ரெஃப்ரி வேலை பார்த்திருக்கிறார். அந்த உழைப்புக்கான இடத்தையும் தாளையும் கொடுத்தது, 1907இல் வி. ராமசாமி ஐயர் திரட்டிய கழகத்தின் உறுப்பினர் சந்தா. எழுதியவனிடம் இல்லாத பணத்தை வாசகர்கள் முன்கூட்டிச் சேர்த்துவைத்திருந்தார்கள்.

அந்த மரபு அழிந்துவிடவில்லை. சர் சி.வி. ராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களில் எழுதுபவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, படிப்பவருக்கும் அகாதமியின் தளத்தில் இலவசம். மதுராந்தகத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்து இயற்பியலாளர் அதன் இயற்பியல் இதழான ‘பிரமாணா’வுக்கு எழுதினால் பைசா செலவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வெளியிட்டுவந்த ‘ஹமட்ரயாட்’ என்ற ஊர்வன ஆய்விதழும் ஓர் அறக்கட்டளையின் தோளில் நின்றதுதான். பாளையங்கோட்டையில் நா. வானமாமலை 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ காலாண்டிதழுக்கு அரசும் இல்லை, கழகமும் இல்லை. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்த ஒரு மனிதரின் பிடிவாதம் இருந்தது, நெல்லை ஆய்வுக் குழு இருந்தது. கட்டுரையைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் பெயரை மறைக்கும் வேலையே அங்கு இல்லை. நாட்டார் வழக்காற்றியலில் பிற்பாடு பெயர்பெற்ற பலர் அந்தக் கூட்டங்களில் பதம் பார்க்கப்பட்டவர்கள்.

சென்னையைச் சேர்ந்த தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலமும் உடனாளர்களும் 2017இல் ‘கரண்ட் சயின்ஸி’ல் இதே கேள்வியைக் கேட்டார்கள்: இந்திய ஆய்வாளர்கள் தம் கட்டுரை வெளிவரப் பணம் கட்டத்தான் வேண்டுமா? வெளியீட்டுக் கட்டணமாக மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 24 லட்சம் டாலரை இந்தியா செலவிடுவதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். பணம் கட்டுவதைவிட, கட்டுரைகளைத் திறந்த இணையக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கச் செய்வதே விவேகம் என்பது அவர்கள் கட்சி. கொள்கையளவில் எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் தமிழாய்வைப் பொறுத்தவரை, கட்டணம் இல்லை என்பதாலேயே படித்துக் கருத்து எழுதும் ஆள் வந்துவிடமாட்டார் என்பதை நான் கண்டிருக்கிறேன். நல்ல இதழ் நடத்தும் ஒரு பேராசிரியர் அலுத்துக்கொள்வார்: “கட்டுரை வருது சார். படிச்சுக் கருத்து எழுதுங்கன்னு அனுப்பினா, ஆறு மாசம் கழிச்சு ‘நன்று’ன்னு ஒரு சொல் வருது.” நன்று என்ற சொல்லை வைத்துக்கொண்டு 1825ஐத் திருத்த முடியாது.

படிப்பவருக்குக் கூலி கொடுத்தால் வேகம் வருமா என்பதைப் பொருளியல்காரர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ராஜ் செட்டியும் இம்மானுவேல் சாயெஸும் லாஸ்லோ ஷாந்தோரும் ‘ஜர்னல் ஆஃப் பப்ளிக் எகனாமிக்ஸ்’ மதிப்பீட்டாளர்கள் 1,500 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. கெடுவை ஆறு வாரத்திலிருந்து நான்காகக் குறைத்ததில் அறிக்கைகள் கணிசமாகச் சீக்கிரம் வந்தன. நேரத்தில் கொடுத்தால் 100 டாலர் என்றதும் இன்னும் எட்டு நாள் குறைந்தது. அறிக்கைகளின் தரம் குறையவில்லை. பணம் வாங்கினால் பேராசிரியரின் சேவை மனப்பான்மை கெட்டுவிடும் என்ற பழைய கவலைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

படிப்பதற்கு மட்டும் பணம் என்ற எண்ணத்தை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது ‘ஈலைஃப்’ என்ற உயிரியல் இதழ். 2023 முதல், மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மதிப்பீட்டாளர்களின் கருத்தை அப்படியே கட்டுரையோடு வெளியிடுகிறார்கள். ஏற்பு, மறுப்பு என்ற தீர்ப்பே கிடையாது. படித்துவிட்டு முடிவுசெய்யுங்கள் என்று வாசகரிடம் விட்டுவிட்டார்கள். விளைவு என்ன? இதழ்களுக்கு எண் போடும் கிளாரிவேட் நிறுவனத்துக்கு இது ஒத்துவரவில்லை. ஈலைஃபுக்கு இனி இம்பாக்ட் ஃபேக்டர் இல்லை என்று 2024 இறுதியில் முடிவானது. படிப்பை வெளிச்சத்தில் வைத்தவர்களுக்கு எண் போயிற்று.

தமிழ் ஆய்விதழுக்கு நான் சொல்வது எளிமையானதுதான். கட்டுரையோடு 600 ரூபாய் வாங்குங்கள். அதில் ஆளுக்கு 300 என இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அப்படியே கொடுத்துவிடுங்கள், நான்கு வாரத்தில் ஒரு பக்கமாவது எழுதித் தந்தால் மட்டும். ஏற்றாலும் மறுத்தாலும் அந்தப் பக்கங்கள் எழுதியவருக்குப் போகவேண்டும். வெளியீட்டுக்கு ஒரு பைசா வாங்கக் கூடாது. சம்பளமோ உதவித்தொகையோ இல்லாத ஆய்வாளருக்கு ஆண்டுக்கு ஒரு கட்டுரை இலவசம். சென்ற ஆண்டு எத்தனை வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன என்ற இரண்டு எண்களை அட்டையின் உள்பக்கத்தில் அச்சிட்டுவிட்டால் மற்ற தரச் சான்றுகள் எனக்கு வேண்டாம். 300 ரூபாய்க்குப் பேராசிரியர் வருவாரா என்று கேட்கலாம். விடைத்தாள் திருத்த, தாளுக்கு அதைவிடக் குறைந்த கூலிக்கு வெயிலில் பஸ் பிடித்துப் போகிறவர்கள்தானே நம் ஆசிரியர்கள்.

இதை ஒரு கல்லூரி முதல்வரிடம் சொன்னேன். மாணவர்கள் கையிலிருந்து கட்டுவதற்குப் பதில் அந்த 600 ரூபாயைக் கல்லூரியே கொடுத்துவிடலாமே என்றும் சேர்த்துக்கொண்டேன். அவருக்கு யோசனை பிடித்திருந்தது. உடனே கணக்குப் பிரிவு உதவியாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் விதியை மனப்பாடமாகச் சொன்னார். வெளிவந்த கட்டுரைக்கு, இதழின் அட்டை, பொருளடக்கம், கட்டுரையின் முதல் பக்கம், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றின் நகலை இணைத்தால் தொகையைத் திருப்பித் தர வழி உண்டு. கருத்தரங்கப் பதிவுக் கட்டணத்துக்கும் தனித் தலைப்பு இருக்கிறது. “மறுத்துட்டாங்கன்னா எதை சார் இணைப்பாங்க?” என்று கேட்டார். மதிப்பீட்டாளர் எழுதிய ஒரு பக்கத்தை இணைக்கலாமே என்றேன். ஆடிட்டில் அதை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை, முதல்வருக்கும் தெரியவில்லை.